ஒரு லிட்டர்கூட இல்லாத வண்டி

கார் வாங்குவதென்று முடிவானபோது கண்ணாடிக்கடை அக்காவுக்கு இரண்டே எதிர்பார்ப்புகள்தான். வண்டி அவளுடைய மூக்குக்கண்ணாடிக் கடை இருக்கும் சந்துக்குள் நுழைய வேண்டும். அப்பா குடியிருக்கும் மலைக்கு ஏறவும் வேண்டும். இது இரண்டும் ஒரே வண்டியில் அமையவே அமையாது என்று அவள் கணவர் அடித்துச் சொன்னார். அவர் அச்சகத்தில் பிழை திருத்துகிறவர். எதைப் பார்த்தாலும் முதலில் அதிலுள்ள தப்புதான் அவர் கண்ணில் படும்.

"சந்துக்குள்ள நுழையிற வண்டி மலையில மூச்சு வாங்கும். மலையில மூச்சு வாங்காத வண்டி சந்துல மாட்டிக்கும். ஏதாவது ஒண்ணை முடிவு பண்ணு."

ஆனால் ஷோரூமில் விற்பனையாளர் பானட்டைத் திறந்து காட்டியபோது கணவரே தப்புத் தேடுவதை விட்டுவிட்டுக் குனிந்து பார்த்தார். உள்ளே மூன்றே சிலிண்டரோடு ஒரு சின்ன இன்ஜின், பெரிய வீட்டில் தனியாகக் குடியிருக்கும் ஒண்டிக்கட்டை மாதிரி ஒரு ஓரமாக உட்கார்ந்திருந்தது.

"மொத்தத்துல ஒரு லிட்டர்கூட இல்ல மேடம். ஆனா டர்போ இருக்கு. வெளிய போற புகையோட வேகத்துலயே ஒரு குட்டி விசிறி சுத்தும். அது காத்தை இழுத்து இன்ஜினுக்குள்ள திணிக்கும். காத்து கூடக் கூட இழுவையும் கூடும். பழைய பெரிய வண்டி எதுவும் இதுகிட்ட நிக்காது."

அவர் சொன்னதில் பாதி விற்பனைப் பேச்சு என்று கழித்துவிட்டுத்தான் அவள் வாங்கினாள். ஓட்டிப் பார்த்தபோது கழித்த பாதியும் உண்மையாகவே இருந்தது. வண்டிக்குக் குணக்கேடுகள் இல்லாமல் இல்லை. சிக்னலில் நிற்கும்போது சட்டைப்பையில் அடிக்கும் போன் மாதிரி நடுங்கும். ஊர்ந்து போகும்போது திடீரென்று ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் உடனே பாயாது. "யாரையாவது கேட்டுட்டு வரேன்" என்பதுபோல் ஒரு கணம் யோசிக்கும். அப்புறம் பாய்கிற பாய்ச்சலில் நம்முடைய முதுகு சீட்டோடு ஒட்டிக்கொள்ளும். கியரைக் கொஞ்சம் முன்னாலேயே இறக்கி, இன்ஜினைத் தூங்கவிடாமல் வைத்திருந்தால் போதும் என்று அவள் சீக்கிரமே கற்றுக்கொண்டாள். சந்துக்குள் பக்கக் கண்ணாடியை மடக்காமலே நுழைந்தது. ஆக, முதல் எதிர்பார்ப்பு நிறைவேறியது. இரண்டாவதுக்குத்தான் மலைச்சாலைத் தகுதி வாரியம் என்று ஒன்று குறுக்கே வந்தது.

அப்பா ஓய்வுபெற்ற லைன்மேன். வாழ்நாள் முழுக்க மின்கம்பத்தில் ஏறி இறங்கியவர், குளியலறையில் வழுக்கி விழுந்து முழங்காலை உடைத்துக்கொண்டார். அறுவை சிகிச்சை நன்றாகவே முடிந்தது. டாக்டர் அவளைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்: "இனிமே பயிற்சிதான் வைத்தியம். வாரத்துல மூணு தடவை கூட்டிட்டு வாங்க. விட்டுட்டா முட்டி எப்படி நிக்குதோ அப்படியே நின்னுடும். அப்புறம் மடங்கலையேன்னு என்கிட்ட வரக் கூடாது." ஊரில் தன்னோடு வைத்துக்கொள்ளலாமென்றால் அவள் வீடு மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. மலைக்குப் போகும் பஸ்ஸின் படிகளோ இடுப்பு உயரம். அதனால்தான் கார்.

மலையடிவாரத்தில் சோதனைச்சாவடி. தடுப்புக்கட்டையின் கயிற்றைப் பிடித்தபடி பெரிய மீசைக்காரர் ஒருவர் நின்றிருந்தார். வண்டியின் ஆவணத்தை வாங்கிப் பார்த்தார். அவர் மீசை மெல்ல இறங்கியது.

"என்னம்மா இது, ஒரு லிட்டர்கூட இல்லையே?"

"டர்போ இருக்குங்க."

"என்னவா வேணா இருக்கட்டும். ஒன்றரை லிட்டருக்குக் கீழ இருக்கிற இன்ஜின் மலைச்சாலையில ஏறக் கூடாது. திருப்பிக்கோங்க."

அவள் வாய் திறப்பதற்குள் பின்னால் ஒரு காய்கறி லாரி வந்தது. அதன் ஹெட்லைட் ஒன்று கயிற்றால் கட்டப்பட்டிருந்தது. கறுப்புப் புகையைக் கக்கிக்கொண்டு, எல்லாப் பற்களும் ஆடுகிற கிழவரைப்போல் கடகடவென்று நடுங்கியபடி அது வந்த வேகத்தில் நடந்துபோகிறவர்களே அதை முந்திக்கொண்டு போனார்கள். மீசைக்காரர் விறைப்பாக நின்று கட்டையைத் தூக்கினார்.

"இது மட்டும் போகலாமா?"

"இது பெரிய இன்ஜின்மா," என்றார் மரியாதையான குரலில்.

மலைச்சாலைத் தகுதி வாரியத்தின் அலுவலகம் ஊருக்குள் ஒரு பெரிய கட்டடத்தில் இருந்தது. உள்ளே நுழைந்ததும் கொள்ளளவுப் பிரிவு. அதற்கு எதிரே ஆற்றல் பிரிவு என்று பலகை மாட்டிய அறை பூட்டியிருந்தது. வாசலில் உடைந்த நாற்காலிகளை அடுக்கியிருந்தார்கள்.

கொள்ளளவுப் பிரிவின் எழுத்தர் அவள் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டார். பிறகு மேசையிலிருந்த தண்ணீர் பாட்டிலை எடுத்து அவள் முகத்துக்கு நேரே ஆட்டினார்.

"இது ஒரு லிட்டர். உங்க இன்ஜின் இதைவிடச் சின்னது. இது ஒரு காரை மலைமேல இழுத்துட்டுப் போகும்னு நீங்களே நம்புறீங்களா?"

"தண்ணி பாட்டில் இழுக்காது சார். இன்ஜின் இழுக்கும். அதோட சக்தி எவ்வளவுன்னு பார்த்தீங்கன்னா..."

"சக்தியை நாங்க பார்க்கிறதில்ல மேடம். சக்தி கண்ணுக்குத் தெரியாது. அளவுதான் தெரியும். தெரியிறதைத்தானே பார்க்க முடியும்?"

"எதிர் ரூம் ஆற்றல் பிரிவுன்னு போட்டிருக்கே?"

"அந்தப் பிரிவுக்கு ஆள் போடலை. ஆள் போடுறதுக்கு அங்க வேலை இருக்குன்னு காட்டணும். அங்கதான் ஆளே இல்லையே, வேலை எங்கேர்ந்து வரும்?"

இப்படி ஒரு சட்டம் எப்படி வந்தது என்றும் அவர் பக்தியோடு விளக்கினார். வாரியத்தின் முதல் தலைவர் முன்னொரு காலத்தில் ஒரு சின்னக் காரில் மாமனார், மாமியாரோடு மலை ஏறினாராம். மூன்றாவது வளைவில் ரேடியேட்டர் பொங்கி, வண்டி நின்றுவிட்டதாம். மாமியார் இறங்கித் தள்ள வேண்டியதாகிவிட்டது. மறுவாரமே சட்டம் வந்துவிட்டது. "அன்னிக்கு அவர் பட்ட அவமானம் இனி எந்தக் குடும்பத்துக்கும் வரக் கூடாதுங்கிற நல்லெண்ணம்தான் மேடம் இது," என்றார் எழுத்தர்.

விதிவிலக்கு வேண்டுமானால் நிபுணர் குழுவின் முன்னால் போக வேண்டும். குழு கூடுவதற்குள் அப்பாவுக்குப் பல பயிற்சிகள் தவறிப்போயின. பெரிய இன்ஜின் டாக்ஸிக்காரர்கள் ஒரு நாள் வந்தால் இன்னொரு நாள் போனையே எடுக்க மாட்டார்கள். காய்கறி லாரி சந்தை நாளில் மட்டும்தான் இறங்கும். அந்த நாட்களில் லாரிக்காரர் அப்பாவைத் தூக்கி, மூட்டைகளுக்கு நடுவே மெத்தை போட்டு உட்காரவைத்துக் கொண்டுவந்தார். அவள் அடிவாரத்தில் காரோடு காத்திருந்து வாங்கிக்கொண்டாள். "கத்திரிக்காய் பக்கத்துல உட்கார்ந்து நானும் வாடிட்டேன்மா," என்று அப்பா சிரிப்பார். சிரித்து முடித்ததும் முழங்காலைப் பிடித்துக்கொள்வார்.

குழுவில் நான்கு பேர். நடுவில் வாரியத்தின் துணை இயக்குநர். அவர் போட்டிருந்த மூக்குக்கண்ணாடி பழைய பவர் என்பது அவளுக்குப் பார்த்ததுமே தெரிந்தது. எதிரே இருந்தவர்களைப் பார்க்கத் தலையைப் பின்னால் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். கோபத்திலும் அதை மாற்றிக் கொடுக்கக் கை பரபரத்தது அவளுக்கு. தொழில் புத்தி.

டர்போ என்றால் என்ன என்று கேட்டார்கள். சொன்னாள். ஒரு காலத்தில் விளையாட்டுத் துறையில் இருந்துவிட்டு வந்த உறுப்பினர் ஒருவர் துள்ளி எழுந்தார்.

"வெளியில இருக்கிற காத்தை உள்ளே திணிச்சுப் பலத்தைக் கூட்டுறாங்க. இதுக்கு எங்க துறையில ஒரு பேர் இருக்கு சார். ஊக்கமருந்து!"



"இந்த இன்ஜினுக்கு இருக்கிறது சொந்த பலம் இல்ல," என்று அவர் தொடர்ந்தார். "பெரிய இன்ஜின் அப்படியா? தன் உடம்பை நம்பி ஏறுது. மூச்சு முட்டினாலும் நேர்மையா முட்டுது. நேர்மையா ஏறுற வண்டிக்கும் ஊசி போட்டுக்கிட்டு ஏறுற வண்டிக்கும் ஒரே சாலையைக் கொடுத்தா அது என்ன நியாயம்?"

"மலைக்கு அது தெரியவா போகுது சார்? ஏறினா சரிதானே?" என்றாள் அவள்.

துணை இயக்குநர் தலையைச் சாய்த்து அவளைக் கனிவாகப் பார்த்தார். "அம்மா, நீங்க உணர்ச்சிவசப்படுறீங்க. நாங்க வளர்ச்சிக்கு எதிரி இல்ல. ஆனா சட்டம் எதுக்காக வந்தது? மலைக்காக. மலை மாறிடுச்சா? மாறலை. அப்ப சட்டம் மட்டும் ஏன் மாறணும்? இன்ஜின் மாறுதுன்னு நாம மாறிக்கிட்டிருந்தா, நாளைக்கு இன்னொரு இன்ஜின் வரும். அதுக்கும் மாறணும். அப்புறம் எங்களுக்கு வேற வேலை இருக்காது."

இருந்தாலும் சோதனை ஒன்று நடத்திப் பார்ப்பதென்று பெருந்தன்மையோடு முடிவு செய்தார்கள். மலை ஏறும் திறனுக்கான சோதனை. ஆனால் அனுமதி இல்லாத வண்டியை மலையில் ஏற்ற முடியாது என்பதால் சோதனை வாரியத்தின் மைதானத்தில் நடந்தது. தட்டையான மைதானம். ஏற்றத்தைக் கற்பனை செய்துகொள்ள வேண்டும் என்றார்கள். கற்பனைக்கு உதவியாக நான்கு உறுப்பினர்களும் காருக்குள் நெருக்கியடித்து உட்கார்ந்து, எல்லோரும் ஒரே சமயத்தில் பின்பக்கமாகச் சாய்ந்தார்கள்.

"நீங்களும் கொஞ்சம் மேல பார்த்து ஓட்டுங்கம்மா," என்றார் துணை இயக்குநர். "தரையைப் பார்த்தா தரையாத்தான் தெரியும்."

அவள் வானத்தைப் பார்த்தபடி வண்டியை ஊர்ந்து போகவிட்டாள். "இப்ப செங்குத்தான வளைவு!" என்று பின்சீட்டிலிருந்து ஒருவர் கத்தவும் மிதித்தாள். வண்டி அதன் வழக்கப்படி ஒரு கணம் யோசித்தது. பிறகு பாய்ந்தது. நான்கு தலைகளும் பின்னால் போய் முட்டின.

அறிக்கை வந்தபோது அவள் கணவர் அதை இருமுறை வாசித்தார். எழுத்துப்பிழை ஒன்றும் இல்லை என்றார். அதில், வண்டியிடம் முதலில் தயக்கமும் பிறகு திமிரும் காணப்படுவதாகவும், இவ்விரண்டும் மலைச்சாலைக்கு உகந்த குணங்கள் அல்ல என்றும் எழுதியிருந்தது.

அடுத்த சந்தை நாளில் அவள் அடிவாரத்தில் லாரிக்காகக் காத்திருந்தாள். லாரி வரவில்லை. அதற்குப் பதிலாக வாரியத்தின் பெரிய ஜீப் வந்து சாவடிக்கு முன்னால் பெரிய சத்தத்தோடு நின்றது. அடியிலிருந்து எண்ணெய் ஒழுகியது. துணை இயக்குநரும் குழுவினரும் இறங்கினார்கள். மலை உச்சியிலுள்ள விருந்தினர் மாளிகையில் வருடாந்திரக் கூட்டமாம், நேரமாகிவிட்டதாம். மீசைக்காரர் அங்குமிங்கும் ஓடினார். அங்கே நின்றிருந்த ஒரே வண்டி அவளுடையதுதான்.

"அதிகாரி உட்கார்ந்தா எந்த வண்டியும் அலுவலக வண்டிதான் சார். விதியிலேயே இருக்கு," என்று குழுவில் இருந்த இளைய அதிகாரி துணை இயக்குநரின் காதில் சொன்னார்.

அவள் மனசுக்குள் கணக்குப் போட்டாள்: மேலே போகிறோம், அப்பாவைக் கூட்டிக்கொண்டு வந்துவிடலாம். உடனே கதவைத் திறந்துவிட்டாள்.

வண்டி ஏறியது. அதைப் பற்றிச் சொல்வதற்குப் பெரிதாக ஒன்றும் இல்லை; அவ்வளவு சாதாரணமாக ஏறியது. இரண்டாவது கியரில், மெல்லிய முனகலோடு, ஐந்து பேரைச் சுமந்துகொண்டு, முதல் தலைவரின் மாமியார் இறங்கித் தள்ளிய வளைவையும் தாண்டிப் போனது. வழியில் நின்றிருந்த காய்கறி லாரியைத் தாண்டியது. லாரிக்காரர் அதன் அடியில் படுத்து எதையோ தட்டிக்கொண்டிருந்தார். பின்சீட்டிலிருந்த விளையாட்டுத் துறைக்காரர், "ஏசியும் நல்லா வருதே," என்றார்.

விருந்தினர் மாளிகை வாசலில் அவள் துணை இயக்குநர் பக்கம் திரும்பினாள். "இப்ப நீங்களே பார்த்துட்டீங்க இல்ல சார்?"

அவர் கண்ணைக் கசக்கினார். "நான் தூங்கிட்டேன்மா. பார்க்காததைப் பார்த்ததா எழுத முடியாது. பதவின்னு ஒண்ணு இருக்கு."

மற்றவர்கள் தாங்கள் சோதனைக்காக வரவில்லை, கூட்டத்துக்காகத்தான் வந்தோம் என்றார்கள். சரி, அப்பாவையாவது கூட்டி வந்துவிடுகிறேன் என்று அவள் வண்டியைத் திருப்பப் போனபோது இளைய அதிகாரி கை நீட்டிச் சாவியை வாங்கிக்கொண்டார். "அதிகாரிங்க உள்ள இருக்கிற வரைக்கும்தான் மேடம் இது அலுவலக வண்டி. அவங்க இறங்கிட்டா, அனுமதி இல்லாம மேல வந்த வண்டி. மீட்டிங் முடியிற வரைக்கும் இது நகரக் கூடாது."

அவள் நடந்தே அப்பா வீட்டுக்குப் போனாள். கதவு திறந்திருந்தது. அப்பா கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, கணுக்காலில் ஒரு மணல் பையைக் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். பை தொங்கியது. கால் மட்டும் நீட்டினபடியே நின்றது. அவளைப் பார்த்ததும் அவசரமாகப் போர்வையை இழுத்து மூடினார்.

"நடந்தா வந்த? வண்டி எங்கம்மா?"

"மேலதான்ப்பா இருக்கு."

"மேல வந்துடுச்சா! அப்ப போகலாமா?"

"சாவி மீட்டிங்ல இருக்குப்பா."

 அவள் போர்வையை விலக்கிப் பையை அவிழ்த்துவிட்டு, முழங்காலை இரண்டு கையாலும் பிடித்து மெல்ல மடக்கப் பார்த்தாள். மரக்கட்டையைப் பிடித்ததுபோல் இருந்தது. "அங்க டெக்னிக் தெரிஞ்சு பண்ணுவாங்க," என்று அப்பா அவளுக்கு ஆறுதல் சொன்னார்.

மீட்டிங் முடிந்ததும் அதிகாரிகளையே ஏற்றிக்கொண்டு கார் கீழே இறங்கியது; அப்பாவுக்கு அதில் இடமில்லை. ஜீப் பணிமனையிலிருந்து வருவதாக இல்லை. வாரியத்துக்கு அடுத்தடுத்து மேலே கூட்டங்கள் இருந்தன. தனக்கே அவசரம் என்று வந்துவிட்டால் எந்த வாரியத்துக்கும் ஞானம் பிறக்கும். அவளுடைய வண்டி மலை ஏறத் தகுதியானது என்று உத்தரவு வந்தது. கடைசியில் நீதி வென்றுவிட்டதாகக் கணவர் சொன்னார். மறுநாள், சந்தை நாளன்று, அவள் கடையைப் பாதியில் பூட்டிவிட்டுக் கிளம்பினாள். மீசைக்காரர் அவளுக்காகக் கட்டையைத் தூக்கியபோது அவரைக் கட்டிப்பிடித்துக்கொள்ளலாம்போல் இருந்தது.

அப்பா வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு வாசலில் காத்திருந்தார். ஊன்றுகோலோடு காரைச் சுற்றி வந்து ஒரு தட்டு தட்டிப் பார்த்தார். முன்சீட்டில் உட்கார்ந்தார், கால் வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. சீட்டைக் கடைசிவரை பின்னால் தள்ளினாள். கால் கதவைத் தாண்டி ஒரு சாண் வெளியே இருந்தது. பின்சீட்டில் குறுக்காக உட்காரவைத்தாள். ஒரு பக்கத்துக் கதவை மூடினால் மறுபக்கத்துக் கதவு மூடவில்லை. கொஞ்சம் அழுத்தினாள். அப்பா சத்தம் போடவில்லை. கண்ணில் தண்ணீர் மட்டும் வந்தது. அவள் நிறுத்திவிட்டாள்.

"வண்டி அருமையா இருக்கும்மா," என்றார் அப்பா. "நான்தான் தாமதமாயிட்டேன்."

ரிப்பேர் சரியாகி எழுந்திருந்த காய்கறி லாரி அப்போது அந்த வழியாக வந்தது. லாரிக்காரர் கேள்வி எதுவும் கேட்காமல் இறங்கி, அப்பாவைத் தூக்கி மெத்தையில் காலை நீட்டி உட்காரவைத்தார். லாரி முன்னால் போக, அவள் காரில் பின்னாலேயே இறங்கினாள். முந்திக்கொண்டு போக மனம் வரவில்லை. முதல் கியரிலேயே, அதன் புகையைக் குடித்துக்கொண்டு, மூட்டைகளுக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்த அந்தக் காலைப் பார்த்தபடியே வந்தாள். இன்ஜின் உறுமக்கூட வேலையில்லாமல் சும்மா நடுங்கிக்கொண்டிருந்தது.

அடிவாரத்தில் லாரிக்குக் கட்டை உயர்ந்தது. அவள் கட்டைக்குக் கீழே வந்ததும் மீசைக்காரர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"இறங்குறதுக்கு அனுமதி இருக்காம்மா?"

"என்னங்க, நேத்துதானே உத்தரவு வந்தது?"

"அது ஏறுறதுக்கு. இறங்குறதுக்கு பிரேக் பிரிவுல தனியா வாங்கணும். சின்ன இன்ஜின் இறக்கத்துல எப்படி நடந்துக்கும்னு அவங்கதான் சொல்லணும்."

"நான்தான் இறங்கியே வந்துட்டேனே!"

"அதைத்தான் நானும் சொல்றேன். அனுமதி இல்லாம இறங்கிட்டீங்க. திருப்பி மேல போயிடுங்க. ஆனா அந்த அனுமதி ஒரு தடவை ஏறத்தான். அதை நீங்க ஏறித் தீர்த்துட்டீங்க." அவரும் கொஞ்சம் குழம்பிப்போய் மீசையைத் தடவினார். "பேசாம இங்கயே இருங்க. துணை இயக்குநர் இப்ப வருவாரு. மேல மீட்டிங் இருக்கு, உங்க வண்டியைத்தான் நம்பியிருக்காரு."

  அவள் இன்ஜினை அணைத்தாள். இறங்கினாள். சாவியை மீசைக்காரரின் கையில் வைத்தாள்.

"வண்டி உங்க எல்லையிலேயே இருக்கட்டும். அதை நீங்க ஏத்துங்க, இறக்குங்க, என்ன வேணா பண்ணுங்க. மனுஷி இறங்குறதுக்குப் பிரிவு இருக்கா?"

அவர் நன்றாக யோசித்தார். "அப்படி எதுவும் இல்லம்மா."

"நல்லது."

லாரி அவளுக்காகச் சற்றுத் தள்ளி நின்றிருந்தது. அவள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு சக்கரத்தின்மேல் கால் வைத்து ஏறி, மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்தாள். அப்பா ஒன்றும் புரியாமல் சாவடியைப் பார்த்தார். காரின் கூரைக்கு மேலே கட்டை தூக்கின கை மாதிரி அந்தரத்தில் நின்றது. மீசைக்காரர் கயிற்றை விடவும் முடியாமல், பிடித்துக்கொண்டே நிற்கவும் முடியாமல் தவித்துக்கொண்டிருந்தார். பின்னால் ஹாரன் சத்தம் கேட்கத் தொடங்கியது.

"என்னம்மா, புது வண்டியை இப்படி விட்டுட்டு வர்ற?"

"காலை இப்படி வைங்கப்பா," என்று அவள் அந்த மடங்காத காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். "ரோடு குலுக்கும்."

லாரி கிளம்பியது.